எஞ்சிய வினையும் நண்பர் கடனும்

(பல்லடத்தில் நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளமையில் மறைந்த கலைஞர் ஒருவரைப் பற்றியும் அவர்தம் நண்பர்களைப் பற்றியும் இன்று பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். யான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். கட்டடக் கலையை முறையாகப் பயின்றவன் அல்லேன். ஆயினும் இப்பொருள் கட்டடக் கலைக்கு மட்டும் உரியதன்று. நம் ஒவ்வொருவர் இல்லத்திலும் என்றேனும் ஒருநாள் எழும் வினா ஒன்று இதனுள் அடங்கியுள்ளது. ஆற்றல் மிக்க ஒருவர் தம் வேலையை நடுவிலே விட்டு மறைவாராயின், எஞ்சி நிற்பவர் செய்யத்தக்கது யாது என்பதே அவ்வினா.

நம் முன்னோர் இறந்தாரை எண்ணி இரங்கிப் பாடும் பாட்டுக்குக் கையறுநிலை என்று பெயரிட்டனர். செயலற்றுக் கை ஓய்ந்து நிற்கும் நிலை என்பது அதன் பொருள். ஆனால் புறநானூற்றில் நாம் காணும் நண்பர் எல்லாரும் கை ஓய்ந்து நின்றவர் அல்லர். அவருள் இருவர் நிலையை மட்டும் ஈண்டு நினைவூட்டுகின்றேன். பாண்டி நாட்டுப் பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனை நேரிற் காணாமலே நட்புப் பூண்டவர். அவன் வடக்கிருந்தபோது தேடிச் சென்று தாமும் உடன் உயிர் நீத்தார். கபிலர் நிலை வேறு. பாரி மாய்ந்தபின் அவர் உடனே உயிர் விட்டாரல்லர். தந்தையை இழந்து நின்ற மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு பறம்பு மலையை விட்டிறங்கி, மணம் வேண்டி அரசர்தம் வாயில்தோறும் சென்றார். பாரி செய்து முடிக்க வேண்டியிருந்த கடமை எஞ்சி நின்றது. அதனை நண்பர் தம் தோள்மேல் ஏற்றுக்கொண்டார். முன்னவர் நட்பைக் கண்டு நாம் வியக்கின்றோம். பின்னவர் நட்பை நாம் பின்பற்றவும் கூடும். இந்த இரண்டாம் வகை நட்பைப் பற்றியே யான் இன்று பேச எண்ணினேன்.

யான் கூறவிருக்கும் கலைஞர் பெயர் மாத்யூ நோவிட்ஸ்கி. போலந்து நாட்டவர். பல்லடத்தில் கூடியிருக்கும் நமக்கும் போலந்து நாட்டவர் ஒருவருக்கும் என்ன உறவு என்று தாய்மார் சிலர் எண்ணக்கூடும். இவர் தம் வாழ்நாளின் இறுதி வேனிலை நம் பாரத நாட்டில், நம் நாட்டு ஏழை எளியவர் வாழ்வதற்குரிய நகரம் ஒன்றை வரைவதிலே கழித்தார். அந்நகரம் சண்டிகார். அவ்வேலையை விட்டுத் திரும்பும் வழியிலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 40. ஆதலின் அவர் நம்மால் நினைக்கத்தக்கவர். மேலும், அவர் கண்ட பெருங்கூரை ஒன்று நெய்யப்பட்ட கூரை. நெசவையே வாழ்வாகக் கொண்ட நம்மவர்க்கு அதனை எடுத்துரைப்பது எளிது. பிறருக்கு உரைப்பதே அரிது.

முதலில் அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுகின்றேன்.

நோவிட்ஸ்கி 1910-ஆம் ஆண்டு சூன் மாதம் 26-ஆம் நாள் சைபீரியாவிலுள்ள சித்தா என்னும் ஊரிலே போலந்துக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். போலந்தின் தலைநகராகிய வார்சாவில் கட்டடக் கலை பயின்றார். உடன் பயின்ற ஸ்டனிஸ்லாவா என்னும் மங்கையையே மணந்தார். அவ்வம்மையாரும் சிறந்த வரைகலைஞர். இருவரும் ஒரே மேசையிலிருந்து வரைந்தனர் என்று கூறினும் பொருந்தும்.

1939-ஆம் ஆண்டில் செருமானியப் படை போலந்தைக் கைப்பற்றியது. போலந்து இளைஞர் உயர்கல்வி பெறுதல் கூடாதென்று பகைவர் தடுத்தனர். கல்லூரிகள் மூடப்பட்டன. அக்காலத்தில் நோவிட்ஸ்கி மாணவர்க்கு மறைவாகக் கட்டடக் கலை கற்பித்தார். கண்டுபிடிக்கப்பட்டால் உயிருக்கே கேடு. நாளை நிற்குமோ வீழுமோ என்று அறியாத நகரத்திலிருந்து, நாளை எழுப்பவேண்டிய கட்டடங்களை அவர்கள் வரைந்துகொண்டிருந்தனர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு அவர் வாழ்வில் இப்பகுதியே பெரிதும் நெஞ்சைத் தொடுகின்றது. 1944-ஆம் ஆண்டின் எழுச்சிக்குப் பின் பகைவர் வார்சா நகரத்தைத் தெருத்தெருவாக இடித்துத் தரைமட்டமாக்கினர். போர் முடிந்ததும் அந்நகரின் நடுப்பகுதியை மீண்டும் எழுப்புவதற்குரிய திட்டத்தில் நோவிட்ஸ்கி உழைத்தார். அதன்பின் அமெரிக்கா சென்றார்.

நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக்குத் தலைமை நிலையம் அமைக்க 1947-ஆம் ஆண்டில் பல நாட்டுக் கலைஞர் கூடினர். அவருக்கு ஆலோசனை கூறியவருள் நோவிட்ஸ்கியும் ஒருவர். பிரான்சிலிருந்து வந்த லெ கார்புசியே என்னும் பெருங்கலைஞரும் அக்குழுவில் இருந்தார். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வரும். 1948-ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்தின் தலைநகராகிய ராலியில் உள்ள கல்லூரியிலே கட்டடக் கலைத் துறையின் பொறுப்புத் தலைவராக நோவிட்ஸ்கி அமர்ந்தார்.

அங்கு அவருக்குத் துணையாக நின்ற நண்பர் லூயிஸ் மம்ஃபோர்டு என்னும் அறிஞர். நகரங்களின் வரலாற்றை ஆராய்ந்து எழுதியவருள் அவருக்கு ஒப்பாவார் அமெரிக்காவில் அக்காலத்திற் சிலரே. நோவிட்ஸ்கியைவிடப் பதினைந்து ஆண்டு மூத்தவர். மம்ஃபோர்டு தம் குருவாகப் போற்றியவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பாட்ரிக் கெடிஸ். இந்தக் கெடிஸ் 1914, 1915-ஆம் ஆண்டுகளில் நம் சென்னை மாகாணத்துக்கு வந்து, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் தெருக்களில் நடந்து திரிந்து, அவ்வூர்களைக் கெடுக்காமல் சீர்திருத்தும் வழிகளை எழுதியவர். பழைய தெருவை இடித்துத் தள்ளுவதைவிட, நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கி மற்றதைக் காப்பதே நன்று என்பது அவர் கொள்கை. குருவின்மேல் வைத்த அன்பினால் மம்ஃபோர்டு தம் மகனுக்குக் கெடிஸ் என்றே பெயரிட்டார். அம்மைந்தன் 1944-ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டுப் போர்க்களத்தில் மாண்டான். அப்போது அவனுக்கு வயது 19. தந்தை அவன் வரலாற்றை ஒரு நூலாக எழுதி 1947-இல் வெளியிட்டார். மகனை இழந்து மூன்று நான்கு ஆண்டுகளே சென்ற நிலையில், பகைவர் அழித்த நகரத்திலிருந்து வந்த இவ்விளங் கலைஞரிடம் மம்ஃபோர்டு பேரன்பு கொண்டார்.

நோவிட்ஸ்கியின் கொள்கை யாது எனில், அதனை எளிய சொற்களிற் கூறலாம். அக்காலத்துப் புதுமையாளர் பலர், கட்டடம் என்பது ஒரு பொறி போன்றது. அதன் பயன் எதுவோ அதற்கேற்பவே வடிவம் அமையவேண்டும் என்றனர். நோவிட்ஸ்கி அதனை மறுத்து, பயன் காலந்தோறும் மாறும் என்றார். இன்று பள்ளியாக இருப்பது நாளை மருத்துவமனை ஆகலாம். ஆதலின் மாறும் பயன்களுக்கெல்லாம் இடங்கொடுத்து, அதனுள் வாழும் மனிதனுக்கு இதம் தருவதே நல்ல வடிவம் என்று கொண்டார். மனிதனே அளவுகோல் என்பது அவர் துணிபு.

இனி, அவர் கண்ட கூரையைக் கூறுவேன். ராலி நகரில் ஆண்டுதோறும் பெரிய பொருட்காட்சி ஒன்று நடைபெறும். உழவர் தம் மாடுகளைக் கொண்டுவந்து நிறுத்துவர். நல்ல மாட்டுக்குப் பரிசு வழங்கப்பெறும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கயம் காளைகளைக் கண்டு பழகிய நமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. அவ்வாறு மாடுகளை நிறுத்திப் பல்லாயிரவர் அமர்ந்து காண்பதற்கு ஒரு மண்டபம் வேண்டியிருந்தது. நடுவில் தூண் இருப்பின் காட்சியை மறைக்கும். தூணின்றிப் பெருங்கூரை இடுவது எவ்வாறு?

நோவிட்ஸ்கி இரண்டு மாபெரும் காங்கிரீட் வளைவுகளை எண்ணினார். ஒவ்வொன்றும் 90 அடி உயரம் எழும். அவை நேரே நில்லாமல், ஒன்று இப்புறமும் மற்றொன்று அப்புறமும் வெளிநோக்கிச் சாய்ந்து நிற்கும். அடிப்பகுதியில் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும். அவ்விரண்டு வளைவுகளுக்கும் இடையே இரும்பு வடங்களைக் கட்டினார். ஒரு திசையில் வடங்கள் தொட்டில் போலத் தொய்ந்து தொங்கும். குறுக்குத் திசையில் வேறு வடங்கள் முதுகு வளைந்து அவற்றின்மேல் ஓடி, காற்று தூக்கிவிடாதவாறு அழுத்திப் பிடிக்கும். குதிரைச் சேணம் போன்ற வடிவம் அமையும். அதன்மேல் மெல்லிய கூரை பரப்பப்பெறும்.

நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். நீளக் கயிறு மட்டும் இருப்பின் தொய்ந்துபோகும். குறுக்குக் கயிறு மட்டும் இருப்பின் விலகிப்போகும். இரண்டும் பின்னி இறுகும்போது ஆறடி மனிதனைத் தாங்குகின்றது. நம் தறியிலும் அவ்வாறே. பாவு தனியே துணி ஆகாது. ஊடை தனியே துணி ஆகாது. நோவிட்ஸ்கி இரும்பிலே பாவும் ஊடையும் இட்டு, ஏறக்குறைய 300 அடி அகலத்துக்குத் தூணில்லாத கூரை நெய்தார் எனலாம். இன்னுமொரு நயம் உண்டு. வெளியே சாய்ந்த வளைவுகள் வீழப் பார்க்கின்றன. தொங்கும் வடங்கள் அவற்றை உள்ளே இழுக்கின்றன. வீழ்ச்சிக்குரிய இரண்டு விசைகளும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று தாங்குகின்றன. இவ்வாறு வடங்களால் கூரையிட்ட பெருங்கட்டடங்களுள் உலகில் முன்னோடியாக நிற்பது இதுவே.

இக்கருத்தை அவர் தனியே வைத்துக்கொள்ளவில்லை. ராலி நகரத்துக் கட்டடக் கலைஞர் வில்லியம் டைட்ரிக் என்பாரோடு கூடி வரைந்தார். வடங்களின் வலிமையைக் கணக்கிட்டு அறியும் பொறுப்பு நியூயார்க்குப் பொறியாளர் ஃபிரெட் செவரூட் என்பாரிடம் சேர்ந்தது. இச்செய்தியை மறவாதீர்கள். பின்னர் வரும் முடிவுக்கு இதுவே காரணம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1947-ஆம் ஆண்டில் நாடு பிரிக்கப்பட்டபோது பஞ்சாபின் பழைய தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. கிழக்குப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாதொழிந்தது. இலக்கக் கணக்கானோர் வீடிழந்து வந்து குவிந்தனர். புதிய தலைநகர் ஒன்று அமைத்தே தீரவேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. இமயத்தின் அடிவாரத்தில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நகரத் திட்டம் வகுக்கும் பொறுப்பு 1950-ஆம் ஆண்டு சனவரியில் ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. மேயர் நம் நாட்டுக்குப் புதியவர் அல்லர். ஐக்கிய மாகாணத்து எட்டாவா வட்டாரத்தில் கிராம முன்னேற்றப் பணியில் ஈடுபட்டவர். அவர் தமக்குத் துணையாக நோவிட்ஸ்கியை அழைத்தார். தெருக்களையும் பகுதிகளையும் மேயர் வகுக்க, அவற்றில் எழவேண்டிய கட்டடங்களுக்கு நோவிட்ஸ்கி உருவம் தரவேண்டும் என்பது ஏற்பாடு.

1950-ஆம் ஆண்டு வேனிலில் நோவிட்ஸ்கி சிம்லா வந்து சேர்ந்தார். அங்கிருந்த சில வாரங்களில் ஓயாது வரைந்தார். நகரத்தை ஓர் இலையாகக் கண்டார். இலைக்கு நடுநரம்பு ஒன்றுண்டு. அதிலிருந்து கிளைநரம்புகள் பிரியும். அவற்றினின்று நுண்ணிய நரம்புகள் பிரிந்து இலையின் ஒவ்வோரணுவுக்கும் நீர் கொண்டு செல்லும். நகரத்தின் பெருந்தெரு நடுநரம்பு. சிறு தெருக்கள் கிளை நரம்புகள். வீடுகள் இலையின் பசுமை. அரசாங்க மாளிகைகள் தலைப்பில் அமையும். ஏழை எளியவர் வீடுகளுக்கும் அவர் படம் எழுதினார். முற்றமும், காற்று நுழையும் துளைச்சுவரும், வெயிலுக்கு மறைவும் கொண்ட சிறு வீடுகள் அவை. மேனாட்டுக் கட்டடத்தைக் கொண்டுவந்து நம் மண்ணில் நடுவதில் அவருக்கு விருப்பம் இல்லை. இம்மண்ணில் மக்கள் எவ்வாறு உறங்குகின்றனர், எவ்வாறு சமைக்கின்றனர், எங்கே அமர்ந்து பேசுகின்றனர் என்பதைக் கண்டு அதனின்றும் வடிவத்தை எடுக்க முயன்றார். தம் நகரம் இடிபடக் கண்ட ஒருவர், வீடிழந்து வந்தவர்க்கு நகரம் சமைக்க அமர்ந்தது தற்செயலே ஆயினும் மிகப் பொருத்தமானது.

ஆகஸ்டு மாத இறுதியில் அவர் அமெரிக்கா திரும்பப் புறப்பட்டார். விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ வந்து, அங்கிருந்து ரோமாபுரி நோக்கி எழுந்தது. எழுந்த சிறிது நேரத்தில் விசைப்பொறி ஒன்றில் தீப்பற்றியது. 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் எகிப்து நாட்டில் அவ்விமானம் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவருள் நோவிட்ஸ்கியும் ஒருவர்.

நாற்பது வயது என்பது பிற தொழிலில் நடு வயது. கட்டடக் கலையில் அஃது இளமை. பாட்டைக் கவிஞன் தனியே எழுதிவிடலாம். கட்டடத்துக்குப் பொருள் வேண்டும், ஆள் வேண்டும், நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கை பெரும்பாலும் தலை நரைத்த பின்னரே வருகின்றது. நோவிட்ஸ்கிக்குக் கதவு திறந்த ஆண்டிலேயே காலன் வந்தான்.

அன்பர்களே! இதுவரை கூறியது அவர் வாழ்வு. இனிக் கூறுவது அவர் இறந்தபின் நிகழ்ந்தது. அவர் விட்டுச் சென்ற பெருவேலைகள் இரண்டு. ஒன்று ராலி நகரத்து மண்டபம், மற்றொன்று சண்டிகார். இரண்டும் அப்போது பெரும்பாலும் தாளளவிலேயே இருந்தன. இரண்டும் அடைந்த கதி வேறு வேறு.

ராலி நகரத்தில் டைட்ரிக் அவ்வேலையைக் கைவிடவில்லை. இதுவரை எவரும் செய்து பாராத கூரை, வரைந்தவரோ மறைந்துவிட்டார், வழக்கமான கூரை ஒன்றை இட்டு முடித்திருப்பின் குறை கூறுவார் எவரும் இரார். ஆயினும் அவர் நண்பர் எண்ணிய உருவத்தையே நிறைவேற்ற முனைந்தார். செவரூட் கணக்கிட்டு உறுதி செய்தார். 1952-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கு மண்டபம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கம் அதற்கு முதற்பரிசு அளித்துப் பாராட்டியது. மாட்டுக் கண்காட்சிக்கென எழுந்த அம்மண்டபம் இன்று அந்நாட்டின் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக விளங்குகின்றது.

அதன் பயன் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. செருமனியிலிருந்து மாணவராக அமெரிக்கா சென்றிருந்த ஃப்ரை ஒட்டோ என்னும் இளைஞர், செவரூடின் அலுவலகத்தில் இம்மண்டபத்தின் படங்களைக் கண்டார். கண்டவர் உள்ளம் பற்றிக்கொண்டது. தாய்நாடு திரும்பி, தொங்கும் கூரையைப் பற்றியே ஆராய்ந்து 1954-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். 1972-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகளுக்காக மியூனிக் நகரில் எழுந்த பெருங்கூரையில் அவர் கைவண்ணமும் உண்டு. செருமானியப் படை அழித்த நகரத்தின் கலைஞர் விட்டுச் சென்ற விதை, செருமானிய இளைஞர் ஒருவர் உள்ளத்திலே முளைத்தது. கலைக்குப் பகை இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சண்டிகாரில் நிகழ்ந்தது வேறு. நோவிட்ஸ்கி மறைந்ததும், கட்டடங்களுக்கு உருவம் தருவார் இல்லாமற் போயிற்று. அவர் வரைந்தவை விரைந்து எழுதிய படங்கள். அவற்றைக் கணக்கிட்டு முடித்துக் கையில் வைத்திருந்த துணைவர் எவரும் இலர். தாப்பர், வர்மா என்னும் பஞ்சாப் அதிகாரிகள் இருவர் அவ்வாண்டின் இறுதியில் ஐரோப்பா சென்று வேறு கலைஞரைத் தேடினர். லெ கார்புசியே இசைந்தார். 1951-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் வந்து, சில நாட்களிலேயே திட்டத்தை மாற்றி எழுதினார். அப்போது அவருக்கு வயது 63. வளைந்து சென்ற தெருக்கள் நேராயின. இலை மறைந்தது, 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் கொண்ட கட்டங்கள் வந்தன. மேயர் உயிரோடிருந்தும் புதியவர் சொல்லே நின்றது.

இதனால் லெ கார்புசியேயைக் குறை கூறுவது என் கருத்தன்று. அவர் எழுப்பிய மாளிகைகளை 2016-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது. அச்சிறப்புக்கு அவை உரியனவே. முதல் திட்டத்தின் நல்ல கருத்துகள் சில அழியவும் இல்லை. அரசாங்க மாளிகைகள் நகரின் தலைப்பில் அமைதல், வாணிகப் பகுதி நடுவில் அமைதல், குடியிருப்புகளைத் தனித்தனிப் பகுதிகளாக வகுத்தல் ஆகியன நிலைத்தன. ஆனால் இன்று சண்டிகாரைக் காணச் செல்வோர் நூற்றுவருள் நோவிட்ஸ்கி என்னும் பெயரை அறிந்தவர் எத்துணைப் பேர்?

ஒரே கலைஞர்; ஒரே மரணம்; ஒரே ஆண்டு. ஒரு வேலை நின்றது, மற்றொன்று கலைந்தது. காரணம் என்னை? ராலி மண்டபத்தை அவர் இருவர் நெஞ்சிலும் கையிலும் முன்னரே பகிர்ந்து வைத்திருந்தார். அவர் போனபின்னும் அது அவர்களிடத்து இருந்தது. சண்டிகாரின் இலையோ அவர் நெஞ்சிலும் சில தாள்களிலும் மட்டும் இருந்தது. பகிர்வதற்குக் காலம் கிடைக்கவில்லை. ஆதலின் அவரோடு பெரும்பகுதி போயிற்று.

மற்ற நண்பர் செய்ததையும் கூறவேண்டும். மம்ஃபோர்டு கட்டடம் கட்டத் தெரிந்தவர் அல்லர், எழுதத் தெரிந்தவர். 1954-ஆம் ஆண்டில் கட்டடக் கலைத் திங்களிதழ் ஒன்றில் நான்கு மாதம் தொடர்ந்து நோவிட்ஸ்கியின் வாழ்வையும், போதனையையும், கலையையும் விரித்தெழுதினார். அவர் இறந்த செய்தி பழையதாகி நான்கு ஆண்டு சென்றபின் எழுதினார் என்பதைக் கருதுங்கள். மரண வீட்டில் யாரும் அழுவர். நான்காம் ஆண்டில் நினைப்பவனே நண்பன். இன்று நாம் நோவிட்ஸ்கியைப் பற்றி அறிந்தவற்றுள் ஒரு பெரும்பகுதி அவ்வெழுத்தினால் வந்தது. ஸ்டனிஸ்லாவா அம்மையார் துயரிலே ஒடுங்கிவிடாமல், பிலடெல்பியா நகரத்துப் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக அமர்ந்து, பல்லாண்டு மாணவரைப் பயிற்றினார்.

ஆக, ஒருவர் கட்டினார், ஒருவர் கணக்கிட்டார், ஒருவர் எழுதினார், ஒருவர் கற்பித்தார். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த தொழிலினாலேயே நண்பரை நினைத்தனர். இதுவே யான் கபிலர் வகை நட்பு என்றது. ஒன்று மட்டும் குறை. 1961-ஆம் ஆண்டில் அம்மண்டபத்துக்குப் பொருட்காட்சியின் மேலாளராக இருந்த டார்ட்டன் என்பாரின் பெயர் இடப்பட்டது. அவரும் தகுதியுடையவரே. ஆயினும் வாயிலில் உள்ள பெயர் கட்டினவர் பெயர் அன்று. கல்லிலே பெயர் பொறிப்பது நம் கையில் இல்லாதபோதும், நாவிலே பெயர் வைத்திருப்பது நம் கையில் உள்ளது.

நம் கொங்கு நாட்டிலே பிறந்த ஒருவரையும் இங்கு நினைத்தல் தகும். கணித மேதை இராமானுசன் 1887-ஆம் ஆண்டில் ஈரோட்டிற் பிறந்து, 1920-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய கட்டுரைகளை அவர் நண்பர் ஹார்டி, கும்பகோணத்துச் சேஷு ஐயர், வில்சன் ஆகிய மூவரும் தொகுத்து 1927-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர் இறுதிக் காலத்தில் எழுதிய தாள்கள் சில கேம்பிரிட்சுக்கு அனுப்பப்பட்டு அங்கே கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1976-ஆம் ஆண்டில் சார்ச்சு ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் கல்லூரி நூல்நிலையத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். அரை நூற்றாண்டு உறங்கிய தாள்கள் மீண்டும் பேசத் தொடங்கின. அவற்றின் பொருளை விளக்கப் பெரிய நூல்கள் பல எழுந்தன. உடனே பொருள் விளங்கவில்லை என்று அத்தாள்களை எவரேனும் அடுப்பில் இட்டிருந்தால்? எண்ணவும் அச்சமாக உள்ளது.

இவ்வளவும் கூறக் காரணம் ஒன்றுண்டு. நம் ஊரிலே கட்டடப் படம் எழுதிக் கொடுத்து வாழ்ந்த நண்பர் ஒருவர் எனக்கு இருந்தார். பெயர் கூறவேண்டா. நெசவாளர் வீட்டுப் பிள்ளை. நம் தறிக்குடோன்களைப் பற்றியே அவர் ஓயாது எண்ணுவார். சித்திரை வெயிலில் தகட்டுக் கூரையின்கீழ் விசைத்தறி ஓட்டுவோர் படும் வெப்பத்தை நீங்கள் அறிவீர்கள். ஒளி உள்ளே வரவேண்டும், வெப்பம் மேலே போகவேண்டும், செலவும் மிகக்கூடாது. இதற்குக் கூரையை எவ்வாறு அமைக்கலாம் என்று தாள் தாளாக வரைந்து வந்தார். 38-ஆம் வயதில் நெஞ்சு நோயினால் திடீரென்று காலமானார். யான் அக்காலம் வெளியூர்ப் பள்ளி ஒன்றில் பணியாற்றி வந்தேன். பின்னொருநாள் அவர் இல்லம் சென்றபோது, அத்தாள்கள் பழைய செய்தித்தாள்களோடு எடைக்குப் போய்விட்டன என்று தெரிந்தது. வீட்டாரைக் குறை கூற இடமில்லை. அது வெறுந்தாள் அன்று என்று அவர்களுக்கு எடுத்துரைப்பார் இலர். இன்றும் சித்திரை மாதம் தறிக்குடோன் வழியே நடக்கும்போதெல்லாம், உள்ளே வியர்த்து நிற்பவரைக் கண்டு அத்தாள்களை நினைக்கின்றேன். இறந்தவரோடு போனது ஓர் உயிர் மட்டும் அன்று. உயிரோடிருக்கும் பலருக்கு வரவேண்டிய நிழலும் போயிற்று.

சகோதரர்களே! தறியில் ஒரு பாவு முடிந்தால் நாம் என்ன செய்கின்றோம்? அச்சிலும் விழுதிலும் உள்ள பழைய இழைகளை உருவி எறிந்துவிடுகின்றோமா? இல்லை. புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் பிணைக்கின்றோம். ஆயிரக்கணக்கான இழைகளைக் குனிந்திருந்து பொறுமையோடு பிணைப்பவரை நீங்கள் அறிவீர்கள். அவர் பெயர் துணியில் இராது. அவர் இல்லையேல் துணியே இராது. இறந்த நண்பரின் வேலையைத் தொடர்பவர் பாவு பிணைப்பவரை ஒப்பர்.

ஆதலின் இச்சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலாவது, தொழில் அறிந்த இளைஞர்க்கு. புதிய கருத்து ஒன்று தோன்றினால் அதனை நெஞ்சிலே பூட்டி வைக்காதீர்கள். பிறர் கவர்ந்துகொள்வரோ என்னும் அச்சம் இயல்பே. ஆயினும் நம்பத்தகுந்த ஒருவருக்கேனும் முழுதும் சொல்லி வையுங்கள். தாளில் தேதியிட்டு எழுதி வையுங்கள். ராலி மண்டபம் நின்றது அவ்வாறு பகிர்ந்ததனால்.

இரண்டாவது, குடும்பத்தார்க்கு. படம் வரைந்தவர், கணக்கு எழுதியவர், பாட்டுக் கட்டியவர், புதுத் துணி மாதிரி நெய்தவர் எவரேனும் நம்மிடையே மறைந்தால், அவர்தம் தாள்களையும் மாதிரிகளையும் ஓராண்டேனும் தொடாது வையுங்கள். துயரத்தில் இருக்கும் வீட்டார்க்கு இதனை யாரேனும் நினைவூட்ட வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்குச் செல்லும் சங்கத்தார் இருவர் அதனைக் கேட்டறிந்து வருவதை வழக்கமாக்கலாம். சங்கக் கட்டடத்தில் அதற்கென்று ஓர் அலமாரி வைத்தால் போதும், பெருஞ்செலவு இல்லை.

மூன்றாவது, நண்பர்க்கு. படத்திறப்பு விழா நடத்துகின்றோம், மாலை சூட்டுகின்றோம், இரங்கல் தீர்மானம் நிறைவேற்றுகின்றோம். இவை வேண்டுவனவே. இவற்றோடு, மறைந்தவர் முடிக்காமல் விட்டது யாது என்று ஒருமுறை கேளுங்கள். மகளின் திருமணமோ, பாதி எழுந்த சுவரோ, அச்சேறாத நூலோ, யாதாயினும் அதனுள் நம் கைக்கு எட்டுவது ஒன்றையேனும் ஏற்றுக்கொண்டு, அவர் பெயராலேயே முடித்துக் கொடுங்கள்.

என் நண்பரின் தாள்கள் இனி வாரா. ஆயினும் அவர் கேட்ட கேள்வி இன்னும் நம் ஊரில் உள்ளது. தறிக்குடோனின் வெப்பத்தைக் குறைப்பது எவ்வாறு என்னும் அக்கேள்வியை இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கும் பொறியியல் மாணவர் முன் வைக்கின்றேன். விடை காண்பவர் எவராயினும், முதலிற் கேட்டவர் நம் ஊரில் வாழ்ந்து இளமையில் மறைந்த ஒருவர் என்பதை மறவாது கூறவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்ளுகின்றேன்.